சிக்னல் கார்டு வாங்குமுன்: கடலூர், சிதம்பரம் ஆய்வகங்களுக்கு ஒரு வழிகாட்டி

ரேடார், சோனார், ரேடியோ ஆகிய கருவிகளிலிருந்து வரும் எண்களை உடனுக்குடன் அலச, கணினியின் பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் செருகும் முடுக்கி கார்டுகளில் மூன்று வகை உண்டு: டிஎஸ்பி, ஜிபியு, எஃப்பிஜிஏ. கார்டே வாங்காமல் கணினியின் சொந்த ப்ராசஸரை நம்புவது நான்காவது வழி. விலைப்பட்டியலைத் திறப்பதற்கு முன் பார்க்க வேண்டியது இந்த நான்காவது வழியைத்தான்.

சொந்த ப்ராசஸரே போதும் என்பதற்குக் கடலூர்க் கரையிலேயே ஒரு சான்று இருக்கிறது. சென்னைப் பள்ளிக்கரணையிலுள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் இந்தியக் கடற்கரை நெடுகிலும் அந்தமானிலும் ஜோடி ஜோடியாக ரேடார்களை நிறுவியிருக்கிறது. தமிழ்நாட்டு ஜோடி கடலூரும் கல்பாக்கமும். சுமார் 4.4 மெகாஹெர்ட்ஸில் இயங்கும் இவை கரையிலிருந்து ஏறத்தாழ 200 கிலோமீட்டர் வரை மேற்பரப்பு நீரோட்டத்தை அளக்கின்றன. அந்த அதிர்வெண்ணின் அலைநீளம் 68 மீட்டர். அதில் பாதி, அதாவது 34 மீட்டர் நீளமுள்ள கடல் அலைகளே வலுவான எதிரொலி தருகின்றன. அந்த அலைகளின் ஓட்டத்தால் வரும் டாப்ளர் விலகல் வெறும் 0.21 ஹெர்ட்ஸ், நீரோட்டம் அதை இன்னும் சிறிதளவு நகர்த்துகிறது. 25 கிலோஹெர்ட்ஸ் பட்டையில் அனுப்பினால் தூரப் பகுப்பு 6 கிலோமீட்டர் கிடைக்கும். நொடிக்குச் சில ஆயிரம் எண்களை நிமிடக்கணக்கில் சேர்த்துவைத்து ஃபூரியே மாற்றம் செய்வதே வேலை. சீசாண்ட் வகையைச் சேர்ந்த இந்த ரேடார்களின் மென்பொருள் சாதாரண ஆப்பிள் மேக் கணினியில் ஓடுகிறது. இருநூறு கிலோமீட்டர்க் கடலைப் பார்க்கும் ரேடாருக்கே முடுக்கி கார்டு தேவைப்படவில்லை.

ஆகவே முதல் கணக்கு தரவின் வேகம். பரங்கிப்பேட்டைக் கடலில் 24 நீரடி மைக்குகளை இறக்கி, ஒவ்வொன்றையும் நொடிக்கு 96,000 மாதிரி வீதம் 24 பிட்டில் பதிவுசெய்தாலும் மொத்தம் நொடிக்கு 7 மெகாபைட்தான். எஃப்எஃப்டிடபிள்யூ என்ற இலவச நூலகத்தை வைத்துக்கொண்டு ஒரு மேசைக் கணினி இதை அலட்டிக்கொள்ளாமல் முடித்துவிடும். மென்பொருள் ரேடியோவுக்கு வந்தால் நிலைமை தலைகீழ். நொடிக்கு 10 கோடி மாதிரி எடுக்கும் ஒரு சேனல், மாதிரிக்கு 4 பைட் என்று வைத்தால், 400 மெகாபைட் கொட்டும். நான்கு சேனலுக்கு 1.6 ஜிகாபைட். 4096 புள்ளி ஃபூரியே மாற்றத்துக்கு மாதிரி ஒன்றுக்குச் சுமார் 60 கணக்குகள் ஆகும் என்பதால், நான்கு சேனலுக்கும் சேர்த்து நொடிக்கு 2,400 கோடிக் கணக்குகள். வடிகட்டியும் பீம் அமைப்பும் அதன் மேல் ஏறும். கார்டு பற்றிய பேச்சு இங்கேதான் நியாயமாகத் தொடங்குகிறது.

டிஎஸ்பி கார்டுகளில் பெயர்பெற்றது டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் சி6678 சிப்பைச் சுற்றி அமைந்த குடும்பம். 2010இல் அறிவிக்கப்பட்ட அந்தச் சிப்பில் எட்டு கோர்கள். ஒரு ஜிகாஹெர்ட்ஸில் 128 ஜிகாஃப்ளாப்ஸ். அட்வான்டெக் நிறுவனம் இதில் நான்கைப் பதித்து டிஎஸ்பிசி-8681 என்றும், எட்டைப் பதித்து 8682 என்றும் கார்டுகள் செய்தது. நான்கு சிப் கார்டு ஐம்பது சொச்சம் வாட்டில் 512 ஜிகாஃப்ளாப்ஸ் தந்தது, அந்தக் காலத்தில் பெரிய விஷயம். ஒவ்வொரு சிப்புக்கும் இரண்டாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸில் இரண்டே லேன், அதாவது காகிதக் கணக்கில் நொடிக்கு ஒரு ஜிகாபைட். மேலே சொன்ன நான்கு சேனலைச் சிப்புக்கு ஒன்றாகப் பிரித்துக் கொடுத்தால் 400 மெகாபைட் உள்ளே போய்விடும். நான்கையும் ஒன்றுசேர்த்துப் பீம் அமைக்கும்போது சிப்புகள் தங்களுக்குள்ளும் தரவைப் பரிமாற வேண்டும். ஆற்றலைப் பற்றி மட்டும் பேசும் விளம்பரத் தாள்கள் இந்த இடத்தை மௌனமாகக் கடந்துவிடும்.

அதைவிடப் பெரிய தடை வயது. இந்தக் கார்டுகளுக்கான லினக்ஸ் மென்பொருள் தொகுப்பு உபுண்டு 12.04 காலத்தை ஒட்டியது. இன்றைய கெர்னலில் அதன் டிரைவர் தொகுக்கப்படவே மறுக்கும். பழைய கெர்னலில் உட்கார்ந்தால் புதிய மதர்போர்டின் நெட்வொர்க் சிப்பை அது அறியாது. ஏற்கெனவே கார்டு கையில் இருக்கும் துறை, அதே காலத்துக் கணினியோடு சேர்த்து, இணையத்தில் இணைக்காமல் பாடம் நடத்தப் பயன்படுத்தலாம். புதிதாக வாங்குவது வீண்.

ஜிபியுவே பெரும்பாலான ஆய்வகங்களுக்குப் பொருந்தும். என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் ஏ2000 போன்ற 70 வாட் கார்டு ஸ்லாட் தரும் 75 வாட்டுக்குள் அடங்கிவிடுவதால் தனி மின்கம்பி வேண்டாம். பைத்தான் தெரிந்த எம்.இ. மாணவர் ஒரு வாரத்தில் கணக்கு போடத் தொடங்கிவிடலாம். ஓராண்டு ப்ராஜெக்டில் பாதியை டிரைவர் விழுங்கிவிடும் அவலத்தோடு ஒப்பிட்டால் இது சாதாரண ஆதாயம் அல்ல. குறைகள் இரண்டு. இரட்டைத் துல்லியக் கணக்கில் இதன் வேகம் ஒற்றைத் துல்லியத்தில் 64இல் ஒரு பங்குதான். தரவைக் கொத்துக் கொத்தாக வாங்கினால்தான் திறமை காட்டும் என்பதால், ஒவ்வொரு மாதிரிக்கும் சில மைக்ரோ நொடிகளில் பதில் கேட்கும் வேலைக்கு ஒத்துவராது.

அப்படிப்பட்ட வேலை இருந்தால் எஃப்பிஜிஏ. சைலின்க்ஸின் ஆல்வியோ யு50 போன்ற கார்டில் தாமதம் எப்போதும் ஒரே அளவாக இருக்கும். விலையாகக் கொடுப்பது காலம்: ஒரு சிறு மாற்றத்தைத் தொகுத்தெடுக்க மணிக்கணக்கில் ஆகும், கற்றுக்கொள்ள ஒரு செமஸ்டர் போதாது. தொடர்ந்து அதே வேலையில் இருக்கப்போகும் ஊழியர் இல்லாத துறை இதைத் தொடாமலிருப்பது நல்லது.

இடத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். யு50, என்விடியாவின் டி4 ஜிபியு போன்ற சர்வர் கார்டுகளுக்குச் சொந்த ஃபேன் கிடையாது. சர்வர் பெட்டியின் காற்றோட்டத்தை நம்பிச் செய்யப்பட்டவை. சிதம்பரம் அண்ணாமலை நகர் ஆய்வகத்தின் டவர் பெட்டியில் செருகினால் சில நிமிடங்களில் சூடேறி வேகம் குறையும். கடலூர்க் கரையோர நிலையத்துக்கு எதிர் சிக்கல்: ஃபேன் இழுக்கும் உப்புக்காற்று கார்டின் தொடுமுனைகளை அரிக்கும். அங்கே வடிகட்டி போட்ட பெட்டியும், வாட் குறைந்த கார்டும் உகந்தவை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரை கடந்தபின் கடலூர் மாவட்டம் பல நாள் இருட்டில் கிடந்ததை நினைத்தால், யுபிஎஸ்ஸில் மிச்சமாகும் ஒவ்வொரு வாட்டும் நேரமாக மாறுவது புரியும்.

கார்டைப் பொருத்தும் வேலை காகிதத்தில் தொடங்குகிறது. தயாரிப்பாளர் எந்த லினக்ஸ் பதிப்பை ஆதரிப்பதாக எழுதியிருக்கிறாரோ அதையே நிறுவ வேண்டும். சிடாக் சென்னையில் உருவான பாஸ் லினக்ஸ் டெபியன் வழிவந்தது என்பதால் டிரைவர் ஓடினாலும் ஓடும். ஓடாவிட்டால் கேட்க ஆள் இல்லை. பயாஸில் 4 ஜிகாபைட்டுக்கு மேல் முகவரி ஒதுக்கும் வசதியை இயக்க வேண்டும். செக்யூர் பூட் இயங்கினால் டிரைவர் மாட்யூலுக்குக் கையொப்பமிட வேண்டும். இல்லையெனில் கெர்னல் அதை ஏற்காது. கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலைத் தானே மறுபடி தொகுக்கும் டிகேஎம்எஸ் முறையை முதலிலேயே அமைத்துவிடலாம்.

அடுத்து எல்எஸ்பிசிஐ என்ற லினக்ஸ் கட்டளை. டெக்ஸாஸ் சிப்புக்கு 104சி, என்விடியாவுக்கு 10டிஇ, சைலின்க்ஸுக்கு 10இஇ என்ற அடையாளம் தெரிந்தால் கார்டு எழுந்துவிட்டது. அதே கட்டளையின் விரிவான வெளியீட்டில் இணைப்பின் திறனையும் இப்போதைய நிலையையும் ஒப்பிட வேண்டும். மதர்போர்டின் இரண்டாவது நீள ஸ்லாட் பார்வைக்கு 16 லேன், உள்ளே பெரும்பாலும் நான்கே. ஜிபியு சும்மா இருக்கும்போது இணைப்பு வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். அதனால் வேலை கொடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும்.

சோதனையில் சரிபார்ப்பு முதலில், வேகம் பிறகு. அதிர்வெண் தெரிந்த ஒற்றைச் சைன் அலையைக் கொடுத்து, கார்டின் விடையை எஃப்எஃப்டிடபிள்யூ விடையோடு ஒப்பிட வேண்டும். ஒற்றைத் துல்லியத்தில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு அளவு வேறுபாடு இயல்பு. ஆயிரத்தில் ஒன்று என்றால் நிரலில் பிழை. வேகத்தை அளக்கும்போது தரவு கார்டுக்குப் போய்த் திரும்பும் நேரத்தையும் சேர்த்தே அளக்க வேண்டும்.

கடைசியாக நீண்ட ஓட்டம். அக்னி நட்சத்திர நாட்களில், நண்பகலில், ஏசியை நிறுத்திவிட்டுத் தொடங்குவதே சரியான சோதனை, ஏனென்றால் மின்வெட்டில் யுபிஎஸ் கணினியைத் தாங்கும், ஏசியைத் தாங்காது. ஒவ்வொரு தரவுக் கொத்திலும் வரிசை எண் ஒன்றைப் பதித்து அனுப்பி, இரவு முழுதும் ஓடியபின் எத்தனை எண் விடுபட்டது, அதிகபட்சத் தாமதம் எவ்வளவு, கெர்னல் பதிவேட்டில் பிசிஐ பிழை ஏதும் உண்டா என்று பார்க்க வேண்டும். சராசரித் தாமதம் இங்கே உதவாது; ரேடியோ காத்திருக்காது என்பதால் ஒரே ஒரு நீண்ட தாமதம் போதும், மாதிரிகள் சிந்திவிடும். நீண்ட தாமதங்கள் தொடர்ந்தால் நிகழ்நேரக் கெர்னலை முயலலாம், 6.12 பதிப்பு முதல் அந்த வசதி லினக்ஸின் மூலத்திலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் எல்லாத் தயாரிப்பாளரின் டிரைவரும் அதோடு ஒத்துப்போகும் என்று எதிர்பார்க்கக்கூடாது. சோதனையில் தேறிய கெர்னல், டிரைவர் பதிப்புகளைப் பூட்டிவைத்து, மாற்றும் ஒவ்வொரு முறையும் அதே இரவு ஓட்டத்தை மறுபடி நடத்த வேண்டும்.