லேப் ரிப்போர்ட்டில் சிவப்பு எண்ணா? பதற வேண்டாம்!

கொரோனா பாசிட்டிவ் என்று தெரிந்தாச்சு. மறுநாள் ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட் உங்கள் செல்போனுக்கு வருகிறது. அதில் நாலைந்து எண்கள் சிவப்பில் இருக்கின்றன. உடனே அதைக் குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் போட்டு, 'இதுக்கு என்ன மாத்திரை?' என்று கேட்கத் தோன்றும். கொஞ்சம் பொறுங்க.

எந்தச் சோதனை எதைக் காட்டுகிறது?

• சிஆர்பி: உடலில் அழற்சி ஏற்படும்போது கல்லீரல் கூடுதலாகச் சுரக்கும் புரதம். பாக்டீரியா தொற்றிலும் ஏறும்.
• டி-டைமர்: ரத்தக்கட்டு கரையும்போது உண்டாகும் துணுக்கு. கர்ப்பிணிகள், முதியோர், அண்மையில் ஆபரேஷன் செய்தவர்களுக்கு கொரோனா இல்லாமலேயே கூடுதலாக இருக்கலாம்.
• ஃபெரிட்டின்: இரும்புச்சத்தைச் சேமிக்கும் புரதம். அழற்சியிலும் ஏறும்.
• லிம்போசைட்: வைரஸை எதிர்க்கும் வெள்ளணு. மற்றவை ஏறினால் கவலை. இது இறங்கினால் கவலை.

இந்த எண்களை வைத்து நோய் தீவிரமாகுமா என்று கணிக்க முடியுமா?

ஓரளவு முடியும். 2020 தொடக்கத்தில் சீனாவின் வூஹானில் மருத்துவமனையில் சேர்ந்திருந்த 191 பேரின் பதிவுகளை மருத்துவர்கள் ஆராய்ந்தார்கள். சேரும்போதே டி-டைமர் ஒரு மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமைத் தாண்டியிருந்தவர்களுக்கு உயிராபத்து அதிகமாக இருந்தது. ஆனால் இது மருத்துவமனையில் சேரும் அளவுக்கு நோய் முற்றியவர்களின் கணக்கு. லேசான காய்ச்சலோடு வீட்டில் இருப்பவருக்கு அப்படியே பொருந்தாது.

அலகையும் பாருங்க. ஒரு லேப் 0.5 மைக்ரோகிராம் என்று போடும். இன்னொன்று 500 நானோகிராம் என்று போடும். இரண்டும் ஒரே அளவுதான்!

ஸ்டீராய்டு: நீங்களாக வாங்காதீங்க

சிஆர்பி ஏறியதைப் பார்த்து மெடிக்கலில் ஸ்டீராய்டு வாங்கிப் போடுவது ஆபத்து. 2020-ல் பிரிட்டனில் நடந்த ரெக்கவரி ஆய்வில், டெக்ஸாமெத்தசோன் கொடுத்தபோது வென்டிலேட்டரில் இருந்தவர்களின் இறப்பு சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்குப் பலனே தெரியவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு ஸ்டீராய்டு சர்க்கரையை மேலும் ஏற்றிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. காய்ச்சல் தொடங்கிய தேதியைக் குறித்து வைத்து, ரிப்போர்ட்டோடு டாக்டரிடம் சொல்லுங்க.
2. பழைய ரிப்போர்ட்டை அழிக்காதீங்க. ஒரு எண்ணைவிட, அது ஏறுகிறதா இறங்குகிறதா என்பதே முக்கியம்.
3. ரிப்போர்ட் நார்மலாக இருந்தாலும் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, குழப்பம் வந்தாலோ, ஆக்சிஜன் அளவு 94-க்குக் கீழே போனாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்க.

சந்தேகமா? 104 மருத்துவ உதவி எண்ணில் கேளுங்க. சிவப்பு எண் ஒரு எச்சரிக்கை மட்டுமே. முடிவைச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான்.