திரையில் ஊரும் கறுப்புப் பட்டை

கண்காணிப்புக் கேமரா இல்லாத வீடு இன்று நம் நகரில் அரிதாகி வருகிறது. பழைய கோஆக்சியல் கேபிள் போட்ட வீடுகளில் ஒரு தொல்லை உண்டு. படத்தின் குறுக்கே மங்கலான பட்டை ஒன்று மெல்ல ஊர்ந்துகொண்டே இருக்கும். கேமராவை மாற்றினாலும் போகாது, டி.வி.ஆர். பெட்டியை மாற்றினாலும் போகாது. கோளாறு பெரும்பாலும் எர்த்தில் இருக்கிறது. இதைக் 'கிரவுண்ட் லூப்' என்பார்கள்.

கேமரா வாசலில் இரும்புத் தூணில் இருக்கிறது. தூண் மண்ணில் நிற்கிறது. பெட்டியோ உள்ளே, மூன்று முனைப் பிளக் வழியாக வீட்டு எர்த்தில். இரண்டும் பூமிதானே என்று தோன்றும். ஆனால் மோட்டார், ஃபிரிட்ஜ் போன்றவற்றின் கசிவு மின்சாரம் எர்த் கம்பி வழியே மண்ணில் இறங்கும்போது, இரண்டு இடங்களுக்கும் சிறிது வோல்ட் வேறுபாடு உண்டாகிறது. திருவனந்தபுரத்து வெட்டுகல் மண் கோடையில் காய்ந்துவிட்டால் இது இன்னும் கூடும். கேபிளின் வெளி வலை இரண்டு பூமிகளையும் இணைப்பதால், அதன் வழியே மின்சாரம் ஓடுகிறது. வீடியோ சிக்னல் மொத்தமே 1 வோல்ட். அதில் படத்தின் பங்கு 0.7தான். அரை வோல்ட் கலந்தாலே படம் பாழ்.

பட்டை ஏன் ஊர்கிறது? பழைய பால் முறையில் திரை நொடிக்கு 50 முறை வரையப்படுகிறது. மின்சாரமும் 50 ஹெர்ட்ஸ். இரண்டும் சரியாக ஒத்தால் பட்டை அசையாது நிற்கும். மின்சாரம் 49.9 ஆனால், திரையைக் கடக்க 10 நொடி ஆகும். ஒரு குறிப்பு: பட்டை ஒன்றானால் எர்த்தைச் சந்தேகியுங்கள், இரண்டானால் 100 ஹெர்ட்ஸ், அதாவது அடாப்டரின் கண்டன்சர் பழுதாகியிருக்கலாம்.

சிலர் பிளக்கின் எர்த் முனையை வெட்டிவிடச் சொல்வார்கள். படம் தெளியும், உண்மைதான். ஆனால் பின்னர் பெட்டிக்குள் ஃபேஸ் கம்பி உலோகத்தைத் தொட்டால், அந்த மின்சாரம் கேபிள் வலை வழியாகவோ, தொடும் குழந்தையின் கை வழியாகவோ பூமியைத் தேடும். இ.எல்.சி.பி. இருந்தாலும், உடம்பில் மின்சாரம் பாய்ந்த பிறகே அது துண்டிக்கும். இதை ஒருபோதும் செய்யாதீர்கள்.

சோதிக்க எளிய வழி: கேமராவைத் தூணிலிருந்து இறக்கி, பெட்டியின் அருகில் வைத்துச் சிறு கேபிளில் இணையுங்கள். பட்டை மறைந்தால் லூப்தான். அடுத்து, மின்சாரத்தை நிறுத்திவிட்டு நீண்ட கேபிளைப் பெட்டியிலிருந்து கழற்றுங்கள். மீண்டும் மின்சாரம் கொடுத்து, கேபிளின் வெளி வளையத்துக்கும் பெட்டியின் உலோகத்துக்கும் இடையே ஏ.சி. வோல்ட் அளந்து பாருங்கள். ஓரிரு வோல்ட் இயல்பே. பல பத்து வோல்ட் காட்டினால் கைவைக்காமல் எலக்ட்ரீஷியனை அழையுங்கள்.

மிக மலிவான தீர்வு, கேமராவுக்கும் தூணுக்கும் நடுவே பிளாஸ்டிக் தகடு வைத்து, பிளாஸ்டிக் போல்ட்டால் முடுக்குவது. அது முடியாவிட்டால், டிரான்ஸ்பார்மர் உள்ள வீடியோ ஐசோலேட்டரைக் கேபிளின் நடுவே போடலாம். ஒரே அடாப்டரில் நாலைந்து கேமராக்கள் ஓடினால் மைனஸ் கம்பியே இன்னொரு வளையமாகும். தனித்தனி அடாப்டர் நல்லது. புதிதாகப் போடுபவர்கள் நெட்வொர்க் கேமரா வாங்கலாம். அதன் இரு முனைகளிலும் சிறு டிரான்ஸ்பார்மர் இருப்பதால், வெளிவலை இல்லாத சாதாரண நெட்வொர்க் கேபிளில் இந்தத் தொல்லை எழாது.

கூரையிலிருந்து இறங்கும் ஆண்டெனா, டிஷ் கேபிள்களுக்கு எர்த் போட்டிருந்தால் அதையும் கழற்ற வேண்டாம். துலாவர்ஷ மாலைகளின் இடிமின்னல் நாம் அறியாததல்ல. அந்த எர்த்தைத் தடித்த செம்புக் கம்பியால் வீட்டு எர்த்துடன் இணைக்கச் சொல்லுங்கள். இரண்டு பூமிகளும் ஒன்றாகிவிடும். பட்டையும் பெரும்பாலும் மறையும்.