பறை அடிப்பதால் ஊர் மாறுமா?

கேள்வி: திருவிழாவில் அடிக்கும் பறையும் ஆட்டமும் சமூகத்தை மாற்றுமா? கைதட்டிவிட்டுக் கலைந்து போகிறோம், அவ்வளவுதானே?
- ஒரு வாசகி, விழுப்புரம்

பதில்: மாற்றும் அம்மா. யார் அடிக்கிறார்கள், யாருடைய விருப்பத்தில் அடிக்கிறார்கள் என்பது மாறும்போது மாற்றும்.

சாவு வீட்டில் பறையடிப்பது தலித் மக்கள்மீது சுமத்தப்பட்ட ஊழியமாக இருந்தது. அடிக்க மாட்டேன் என்றால் ஊரே திரண்டு வந்து மிரட்டும். அதையும் மீறிப் பல ஊர்களில் இளைஞர்கள் பறையைத் தொட மறுத்தார்கள். அந்த மறுப்பு இல்லாமல் இன்றைய மரியாதை வந்திருக்காது என்றே உறுதியாக நம்புகிறேன்.

பிறகு அதே பறையின் தோலைத் தீயில் காய்ச்சி, சொந்த விருப்பத்தோடு தோளில் மாட்டினார்கள். திண்டுக்கல் சக்தி கலைக்குழுவில் தலித் பெண்கள் பறை அடித்து ஆடுகிறார்கள். காலங்காலமாக ஆண்கள் கையில் இருந்த கருவி அது! நடுத்தெருவில் ஒரு பெண் நிமிர்ந்து நின்று அடிக்கும்போது சாதியும் ஆண் அதிகாரமும் சேர்ந்தே ஆட்டம் காண்கின்றன. எத்தனை துண்டறிக்கை கொடுத்தாலும் இது நடக்காது, ஏனென்றால் பார்ப்பவர்கள் அதே ஊர்க்காரர்கள், அவள் நிற்பதும் அதே தெருவில்.

2025இல் மதுரை பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் விருது தரும் மரியாதை ஊருக்குள் தானாக வந்து சேராது.

உங்கள் ஊர் விழாவுக்குப் பறைக்குழுவை அழைத்தால், பேசிய பணத்தைக் குறைக்காமல் கொடுங்கள். எல்லோரும் சாப்பிடும் பந்தியிலேயே அவர்களுக்கும் இலை போடச் சொல்லுங்கள்.