'நாலோ' என்றால் நம் உறவா?

கேள்வி: மகாராஷ்டிராவில் நிஹாலி மொழி பேசுகிறவர்கள் இரண்டு, மூன்று, நான்கை 'இரர்', 'மோத்', 'நாலோ' என்கிறார்களாமே! பிறகு ஏன் அதை எந்தக் குடும்பத்திலும் சேராத மொழி என்கிறார்கள்?
– ஒரு தமிழாசிரியை, அறந்தாங்கி

பதில்: 'நாலோ' என்று முதன்முதலாகப் படித்தபோது எனக்கும் ஒரு துள்ளல்தான், டீச்சர். ஆனால் எண்ணுப்பெயரை நம்பி உறவு கொண்டாடக் கூடாது. கொடுக்கல் வாங்கலில் அது சுலபமாகக் கைமாறும். தாய்லாந்துக்காரர் 'சோங், சாம், சீ' என்று எண்ணுவது சீனத்திலிருந்து பெற்றது. ஆனால் தாய்லாந்து மொழி சீனக் குடும்பம் அல்ல. பலுசிஸ்தானத்துப் பிராகூயி திராவிட மொழிதான். அதில் மூன்று வரைதான் சொந்த எண், நாலு முதல் இரவல். நம் லட்சமும் கோடியும் வடமொழி வரவு.

நிஹாலிக்காரரின் ஒரு கை விரல்களையே பாருங்கள். 2, 3, 4 திராவிடம். மத்திய இந்தியாவில் கோண்டி, கோலாமி என்ற திராவிட மொழிகளைப் பேசுகிறவர்கள் இருக்கும்போது இதில் அதிசயமில்லை. 5 மராத்தி, இந்திப் பக்கத்துச் சொல். ஒன்றுக்கு மட்டும் 'பிடும்'. இது யாருடையதும் அல்ல.

புல்டாணா மாவட்டத்தில், சாத்புரா மலையடிவாரத்து ஜல்காவ் ஜாமோத் வட்டாரத்தில் சுமார் 2,000 பேர் பேசும் மொழி இது. தலைமுறை தலைமுறையாகக் கோர்க்கு மக்களிடம் கூலி வேலை செய்தவர்கள். கோர்க்கு, சந்தாலியைப் போல முண்டா குடும்பத்து மொழி. அதன் சொற்கள் நிஹாலியில் அவ்வளவு புகுந்துவிட்டதால், கிரியர்சன் என்பவர் நடத்திய இந்திய மொழிக் கணக்கெடுப்பில் 1906-இல் வந்த தொகுதி இதையும் முண்டாவில் சேர்த்துவிட்டது.

1962-இல் கூய்ப்பர் என்ற டச்சு அறிஞர் கடன்சொற்களை, அதாவது பிற மொழிகளிலிருந்து வந்தவற்றை, ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்த்தார். ஏறத்தாழ கால்வாசிச் சொற்களுக்கு எங்கேயும் இணை கிடைக்கவில்லை. அந்தக் கால்வாசியில் என்ன இருக்கிறது என்பதுதான் விஷயம்: கண்ணுக்கு 'ஜிகி', தண்ணீருக்கு 'ஜொப்போ', நெருப்புக்கு 'அபோ'. கோர்க்குவில் கண் 'மெட்', மராத்தியில் 'டோளா'. ஒன்றும் ஒட்டவில்லை. இவை அடிச்சொற்கள், குழந்தை முதலில் கற்பவை, ஒரு மொழி கடைசியாகத்தான் கைவிடுபவை. இவற்றுக்கே உறவு தெரியாத மொழியைத்தான் தனிமொழி, அதாவது குடும்பம் அறியப்படாத மொழி, என்கிறோம். அக்கம்பக்கத்தோடு பேச்சுவார்த்தையே இல்லாத மொழி என்று பொருளல்ல. நிஹாலி அளவுக்குக் கடன் வாங்கிய மொழி அபூர்வம்.

கூய்ப்பருக்கு இன்னொரு சந்தேகமும் இருந்தது: வெளியாளுக்குப் புரியக் கூடாதென்று பின்னிய குழூஉக்குறியோ இது என்று. இருக்கலாம்தான். ஆனால் தாகமெடுத்த பிள்ளை வீட்டுக்குள் 'ஜொப்போ' கேட்கும்போது யாரிடமிருந்து எதை மறைக்கிறது என்பது எனக்குப் பிடிபடவில்லை.