வெடக்கோழியை விற்கும் முன் விரல் வைத்துப் பாருங்க

பண்ருட்டி, காடாம்புலியூர், முத்தாண்டிக்குப்பம் பக்கம் பலாவும் முந்திரியும் இருக்கிற வீடுகளில் பத்துக் கோழியாவது மேயும். அந்தக் கோழிப் பணம் பெரும்பாலும் வீட்டுப் பெண்கள் கையில் புழங்கும் பணம். அதில் பெரிய இழப்பு எங்கே வருதுன்னு பார்த்தா, கழுகும் கீரியும் தூக்குறதுக்கு அடுத்தபடியா, முட்டைக்கு வரப்போகிற வெடக்கோழியை வியாபாரிக்குப் பிடிச்சுக் கொடுக்கிறதுதான். கறிக்கு வெடக்கோழிக்கு எப்பவும் கிராக்கி உண்டு. "அஞ்சு மாசம் ஆச்சு, இன்னும் முட்டை விடல"ன்னு கொடுத்துடறோம். அது இன்னும் மூணு நாலு வாரத்தில் முட்டைக்கு வரக்கூடிய கோழி.

நாட்டுக்கோழி பொதுவா 6 முதல் 7 மாதத்தில்தான் முதல் முட்டை இடும். பண்ணையில் வளரும் வெள்ளை லெகார்ன் வகைக் கோழி 18–20 வாரத்திலேயே வந்துவிடும். அந்தக் கணக்கை நம் கோழிக்குப் போடக் கூடாது. நாட்டுக்கோழி ஒரு அடைக்கு 12–15 முட்டை, ஆண்டுக்கு மூணு நாலு அடை, மொத்தம் 36–60 முட்டை தரும். அதில் குஞ்சு பொரிப்பதும் அடங்கும். ஒரு வெடையை விற்றால் இத்தனையும் சேர்ந்து போகுது.

இந்தப் பாடத்தில் மூணு விஷயம் பார்ப்போம்: சேவல் எது, பெட்டை எது, முட்டைக்கு வர்ற கோழி எது, அதுக்கு என்ன தீனி.

சேவலா பெட்டையா?

கூரான முட்டை வைத்தால் சேவல், உருண்டை முட்டை வைத்தால் பெட்டை என்று சொல்வாங்க. அதில் உண்மை இல்லை. குஞ்சு ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது தாய்க்கோழி கொடுக்கிற மரபணு. முட்டை உருவாகும்போதே அது முடிஞ்சுடும். பொரிக்கிறதில் ஏறக்குறைய பாதிக்குப் பாதி என்றே கணக்கு வச்சுக்கணும். பத்துக் குஞ்சு வாங்கினா அஞ்சு சேவல் வரும்னு நினைச்சுத்தான் வாங்கணும்.

பொரித்த அன்றே எச்சத்துளையைப் பிதுக்கிப் பார்த்துப் பிரிக்கும் முறையை 1920-களில் ஜப்பானில் கண்டுபிடித்தாங்க. அது பல மாதப் பயிற்சி வேணும் வேலை, தெரியாம செய்தா குஞ்சு செத்துடும். இறகு நீளத்தைப் பார்த்துப் பிரிப்பதும் அதுக்குன்னே கலந்த சில இனங்களில்தான் செல்லும். நம் கலப்பு நாட்டுக்குஞ்சில் அது பலிக்காது. அதனால் பொறுத்துப் பார்க்கிறதுதான் வழி.

6–8 வாரத்தில்: ஒரே அடையில் பொரித்த குஞ்சுகளை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்க. சேவல் குஞ்சுக்குக் கொண்டை சீக்கிரம் பெருத்துச் சிவக்கும், கால் தடிக்கும். பெட்டைக்குக் கொண்டை சின்னதா, வெளிர் மஞ்சளா இருக்கும். பெருவிடை இனத்தில் இது ஏமாற்றும். அதுக்குக் கொண்டையே சின்னது, பெட்டைக்கும் கால் தடிமனா இருக்கும்.

12–16 வாரத்தில்: வால் தொடங்குற இடத்துக்கு முன்னாடி, முதுகின் பின்பகுதி இறகைப் பாருங்க. சேவலுக்கு அந்த இறகு நீண்டு, நுனி கூரா, பளபளன்னு தொங்கும். பெட்டைக்கு நுனி உருண்டையா இருக்கும். கழுத்து இறகும் இப்படியேதான். எல்லா அடையாளத்திலும் நம்பகமானது இது.

கூவுறதை வச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க. பெரிய சேவல் இருக்கிற கூட்டத்தில் இளஞ்சேவல் பயந்து கூவாம இருக்கும்.

பிரிச்ச பிறகு 8–10 பெட்டைக்கு ஒரு சேவல் போதும். மற்ற சேவல்களைத் திருவிழாச் சமயம் பார்த்து விற்கலாம். தீனி மிச்சம், பெட்டைகளுக்கும் தொந்தரவு குறையும்.

முட்டைக்கு வருதா? விரல் சோதனை

சாயங்காலம் கூட்டில் அடைஞ்ச பிறகு கோழியை அமைதியா எடுங்க. எச்சத்துளைக்கு ரெண்டு பக்கமும் கூரா ரெண்டு இடுப்பெலும்பு தட்டுப்படும். ரெண்டுக்கும் நடுவில் ஒரு விரல் மட்டும் நுழைந்தால் இன்னும் காலம் இருக்கு. ரெண்டு விரல் தாராளமா நுழைந்தால் முட்டை நெருங்கிட்டுது, அல்லது இடத் தொடங்கிட்டுது. துளை சுருங்கி உலர்ந்திருந்தா இன்னும் இல்லை. அகலமா ஈரமா இருந்தா வந்தாச்சு.

வெளியில் தெரியும் அடையாளமும் உண்டு. கொண்டையும் தாடியும் சிவக்கும். முதுகில் கை வைத்தால் ஓடாமல் குந்தும். மூலை முடுக்கெல்லாம் இடம் தேடும், கேற ஆரம்பிக்கும். இதெல்லாம் தெரிஞ்சா அந்தக் கோழியை வியாபாரி கண்ணில் காட்டாதீங்க.

பொழுதின் நீளத்துக்கும் இதில் பங்கு உண்டு. நம்ம பக்கம் மார்கழியில் பகல் பதினொன்றரை மணி நேரத்துக்கும் கொஞ்சம் குறைவு, ஆனியில் பன்னிரண்டே முக்காலுக்கும் மேல். பகல் சுருங்குற ஐப்பசி, கார்த்திகையில் பருவத்துக்கு வர்ற வெடை சில வாரம் தள்ளி முட்டையிடலாம். மழைக்காலத்தில் மேய்ச்சலும் குறையும். அப்போ பொறுமை வேணும்.

தீனி: ஒரே கலவை, ஓடு தனி

முட்டை ஓடு கிட்டத்தட்ட முழுக்கச் சுண்ணாம்புதான். ஒரு நாட்டு முட்டை ஓட்டில் சுமார் ஒன்றரை கிராம் சுண்ணாம்புச்சத்து போகுது. தானியங்களில் கேழ்வரகில்தான் இது அதிகம். அதிலும் 100 கிராமுக்குச் சுமார் 340 மில்லிகிராம்தான். கம்பிலும் அரிசிக் குருணையிலும் மிகக் குறைவு. மேயிற கோழிக்கும் தனியாக் கொடுத்தே ஆகணும். கொடுக்காவிட்டால் தன் எலும்பில் இருந்து எடுத்து ஓடு கட்டும். தோல் முட்டை, காலில் பலமின்மை, முட்டையைக் கொத்தித் தின்னும் பழக்கம் எல்லாம் இதனால் வரலாம்.

அதுக்காகக் கடையில் விற்கும் முட்டைக்கோழித் தீவனத்தை எல்லாருக்கும் கொட்டக் கூடாது. அதில் சுண்ணாம்புச்சத்து 3.5 முதல் 4 சதவீதம். வளர்ற குஞ்சுக்கு 1 சதவீதம் போதும். மிஞ்சினால் சிறுநீரகம் கெடும். நம் வாசலில் குஞ்சு, சேவல், வெடை எல்லாம் ஒண்ணாத்தான் மேயுது. அதனால் எல்லாருக்கும் ஒரே கலவை, ஓடு மட்டும் தனிச் சட்டியில். தேவைப்படுற கோழி தானே தேடித் தின்னும்.

10 கிலோ கலவைக்கு: உடைத்த கம்பு அல்லது மக்காச்சோளம் ஐந்தரை கிலோ, அரிசித் தவிடு இரண்டரை கிலோ, கடலைப் பிண்ணாக்கு ஒன்றேகால் கிலோ, உப்பில்லாத கருவாட்டுத் தூள் அரை கிலோ, தாது உப்புக் கலவை கால் கிலோ. புரதம் சுமார் 16 சதவீதம் வரும். இரண்டு மாதம் தாண்டின கோழிகளுக்கு இது பொருந்தும். சின்னக் குஞ்சுக்குப் புரதம் கூடுதலா வேணும், கரையான் கொடுங்க. பழைய பானையில் ஈரச் சாக்கு, வைக்கோல், காய்ந்த சாணி போட்டு, கரையான் இருக்கிற இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வைத்தால் காலையில் கிடைக்கும்.

நல்லா மேய்ச்சல் இருக்கிற பெட்டைக்கு நாளுக்கு 40–50 கிராம் கலவை போதும், சாயங்காலம் கொடுங்க. அடைச்சு வச்சா 80–90 கிராம் வேணும். பூசணம் பிடிச்ச பிண்ணாக்கு, மக்காச்சோளம் வேண்டவே வேண்டாம். அந்த நச்சு ஈரலைக் கெடுக்கும்.

ஓட்டுக்குக் கடலோரக் கிளிஞ்சலை மிளகளவுக்கு உடைச்சு வைக்கலாம். வீட்டு முட்டை ஓட்டைக் கொதிக்க வைத்து, காய வைத்து, முட்டை உருவமே தெரியாதபடி நொறுக்கியும் வைக்கலாம். ஒரு கோழிக்கு நாளுக்கு ஒரு தேக்கரண்டி கணக்கு. ஓடு பெரும்பாலும் ராத்திரியில் கட்டுது, அதனால் சாயங்காலம் சட்டி காலியா இருக்கக் கூடாது. சுட்ட சுண்ணாம்பு மட்டும் வேண்டாம், வாயையும் குடலையும் அரிக்கும். ஆற்று மணலும் பொடிக்கல்லும் இரைப்பையில் அரைக்கத்தான்; ஓட்டுக்கு அது ஈடாகாது.

நம்ம ஊர்ச் சங்கதி

பலாக்கொட்டையை வேக வைத்து மசித்துக் கொடுக்கலாம். பச்சையாக் கொடுத்தால் புரதம் செரிப்பதைத் தடுக்கும். அதில் மாவுச்சத்துதான் அதிகம். எனவே கம்பில் கொஞ்சம் குறைச்சுக்கலாம், பிண்ணாக்கில் குறைக்காதீங்க. பலாச் சக்கையைப் புளிக்கிறதுக்கு முன்னாடியே போடணும்.

முந்திரி உடைக்கிற வீடுகளில் ஓட்டைக் கோழி கிளறாமல் பார்த்துக்கணும். அந்த ஓட்டு எண்ணெய் நம் கையையே புண்ணாக்கும்.

முட்டைக்கு முன் முடிக்க வேண்டியவை

வெள்ளைக் கழிச்சல் வந்தால் மேலே சொன்ன எதுவும் நிக்காது. 7-ஆம் நாள் சொட்டு மருந்து, 8-ஆவது வாரத்தில் ஊசி. பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் கேட்டு நாள் தவறாமல் போடுங்க. 4-ஆவது மாதத்தில் குடற்புழு நீக்கம் முடிச்சிடணும்.

நாலஞ்சு பெட்டைக்கு ஒரு கூடை வீதம், வைக்கோல் போட்டு, இருட்டு மூலையில் முன்கூட்டியே வைங்க. இடம் இல்லாட்டி முந்திரித் தோப்புப் புதரில் இடும், நமக்குக் கிடைக்காது. முதல் சில முட்டை சின்னதா இருக்கும், ஓடு மெலிசா இருக்கும், ரெண்டு கருவும் வரும். பயப்படாதீங்க, சில வாரத்தில் சரியாகும். அந்தச் சின்ன முட்டையை அடைக்கு வைக்காமல் சாப்பாட்டுக்கு எடுத்துக்குங்க.

பொரித்த தேதியைக் கூட்டுச் சுவரில் கரியால் எழுதி வைங்க. வியாபாரி வர்றதுக்கு முந்தின சாயங்காலமே ஒவ்வொரு வெடையையும் எடுத்து விரல் வைத்துப் பாருங்க. எதைக் கொடுப்பது, எதை வைப்பது என்று அப்போ நீங்கதான் சொல்வீங்க.