பல் வைத்தியசாலையில் நாம் கவனிக்க வேண்டியவை

அறுவடைக் காலத்தில் பல்வலி வந்துவிட்டால் குடியானவருக்கு வேறு யோசனை ஓடுவதில்லை. எங்கே உடனே பிடுங்குவார்கள், எவ்வளவு கேட்பார்கள் என்ற இரண்டு கேள்விகளோடு பஸ் ஏறுகிறார். பிடுங்கும் கருவி எவ்வாறு சுத்தம் செய்யப்பட்டது என்ற மூன்றாவது கேள்வியை அநேகமாக எவரும் கேட்பதில்லை. கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வாரோ என்ற கூச்சம் ஒரு காரணம். எதைக் கேட்பது என்று தெரியாமை மற்றொரு காரணம். இக்கட்டுரையில் இரண்டாவதை நீக்க முயல்வோம். முதலாவது தானே நீங்கிவிடும்.

இது வீண் பயம் அன்று. 2022 ஜூலை முதல் 2023 ஏப்ரல் வரையில் தமிழ்நாட்டின் வடபகுதியில் மெலியாய்டோசிஸ் என்னும் நோய் மூளையைத் தாக்கிய 21 பேர் கண்டறியப்பட்டனர். அவர்களுள் 10 பேர் வாணியம்பாடியில் ஒரே பல் வைத்தியசாலையில் சிகிச்சை பெற்றவர்கள். அந்தப் பத்துப் பேரில் 8 பேர் இறந்தனர். நிபுணர்கள் இதனை ஆராய்ந்து 2025ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டார்கள். அந்த வைத்தியசாலையில் உபயோகத்தில் இருந்த சலைன் பாட்டிலில், அதாவது புண்ணைக் கழுவும் உப்புநீரில், இந்நோயின் கிருமி காணப்பட்டது. ஈறை எலும்பிலிருந்து விலக்கும் கருவியைக் கொண்டே பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள். பிறகு அதனைச் சரிவர மூடாமல் வைத்து, அடுத்தடுத்து வந்தவர்களுக்கும் அதே நீரைப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

விலையுயர்ந்த இயந்திரம் பழுதானதால் நேர்ந்த கேடு அன்று இது. சில ரூபாய் மதிப்புள்ள ஒரு பாட்டில் உப்புநீரை மிச்சப்படுத்தப் போய் நேர்ந்தது.

இக்கிருமி விவசாயிகளுக்கு அந்நியமானதும் அன்று. சேற்றிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. 1912ஆம் ஆண்டில் ரங்கூனிலிருந்து விட்மோர் என்பவரும், அவருடன் உழைத்த சி. எஸ். கிருஷ்ணசாமியும் இந்நோயை முதன்முதல் விவரித்து எழுதினார்கள். நெல்வயலில் வெறுங்காலோடு இறங்குவோருக்குப் புண் வழியாக இது உடலில் புகக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு ஆபத்து அதிகம். வயலில் உள்ள கிருமியை நாம் ஒழிக்க இயலாது. ஆனால் வாயில் வெட்டுப்பட்ட இடத்தில் அதனைக் கொண்டுபோய் ஊற்றாமல் இருக்க இயலும். ஆகவே, புண்ணைக் கழுவும் நீர் அன்று புதிதாகத் திறந்த பாட்டிலிலிருந்து எடுக்கப்படுகிறதா என்று கேட்பது நோயாளியின் உரிமை.

இனிக் கருவிகளைப் பற்றி. கொதிக்கும் வெந்நீரில் போட்டு எடுத்தால் போதும் என்ற எண்ணம் நம்மிடையே இன்னும் இருக்கிறது. இது தவறு. தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கிறது. அந்தச் சூட்டில் பல கிருமிகள் மடிந்தாலும், ரணஜன்னியை உண்டாக்கும் கிருமியின் வித்து போன்றவை தாக்குப்பிடிக்கும். இவற்றையும் அழிக்க, அழுத்தத்தில் அடைபட்ட நீராவி வேண்டும். ஆட்டோகிளேவ் என்னும் கலத்தில் 15 பவுண்டு அழுத்தத்தில் 121 டிகிரி சூட்டை உண்டாக்கி, கருவிகளைக் குறைந்தது 15 நிமிஷம் வைக்கிறார்கள். நம் வீட்டுப் பிரஷர் குக்கரும் இதே தத்துவத்தில் இயங்குவதுதான். பருப்பு சீக்கிரம் வேகும் காரணம் அதுவே. கலத்திலிருந்து எடுத்த கருவிகள் உறையில் மூடப்பட்டு, நோயாளியின் கண்ணெதிரே பிரிக்கப்பட வேண்டும். உறையின்மேல் சூடு பட்டால் நிறம் மாறும் ஓர் அடையாளம் இருக்கும். அது மாறியிருப்பதைக் கொண்டு உறை கலத்துக்குள் சென்றுவந்தது என்று அறியலாம். கிருமி முற்றும் அழிந்ததா என்பதை அதுமட்டும் சொல்லிவிடாது. அதற்கெனக் கிருமி வித்துக்களை வைத்துச் செய்யும் பரிசோதனை தனியே உண்டு. நல்ல வைத்தியர்கள் அதற்கான பதிவேட்டை வைத்திருப்பார்கள்.

பல்லைக் குடையும் சுழல் கருவியை மாத்திரம் பஞ்சால் துடைத்துவிட்டு அடுத்தவர் வாயில் வைப்பது பல இடங்களில் வழக்கம். அதுவும் ஒவ்வொருவருக்கும் பிறகு கலத்துக்குள் செல்ல வேண்டியதே. மஞ்சட்காமாலையை விளைவிக்கும் பி வகைக் கிருமி, கருவியின்மேல் காய்ந்துபோன நிலையிலும் 7 நாள் வரை உயிரோடு இருக்கக் கூடியது. மரத்துப்போக ஊசி போடும்போதும் கவனம் வேண்டும். ஒருவருக்குக் குத்திய ஊசியை மீண்டும் மருந்துப் புட்டியில் குத்தினால், புட்டி முழுவதும் கெடும். ஊசியும் குழாயும் ஒவ்வொருவருக்கும் புதிதாய் இருத்தல் அவசியம்.

சுழல் கருவிக்கு நீர் கொண்டுவரும் மெல்லிய குழாய்களிலும் பாசி போன்ற படலம் படிந்து கிருமி வளரும். அமெரிக்காவில் அனஹைம் நகரில் 2016ஆம் ஆண்டில் பால்பற்களுக்கு நரம்புச் சிகிச்சை பெற்ற குழந்தைகள் பலர் இவ்வாறு நோய்வாய்ப்பட்டனர். செல்வம் மிகுந்த நாட்டிலும் குழாயைக் கவனிக்காவிட்டால் இதே கதிதான். ஒவ்வொரு நோயாளிக்கும் முன்பு சுமார் அரை நிமிஷம் நீரை ஓடவிடுவதும், குழாயை அவ்வப்போது மருந்திட்டுச் சுத்தம் செய்வதும் முறையாகும்.

பஞ்சாயத்துக்கள் ஏற்பாடு செய்யும் இலவசப் பல் முகாம்களைக் குறித்துச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. முகாமின் வெற்றியை வந்தவர்களின் தொகையால் அளப்பது நம் வழக்கம். நூறு பேர் வரிசையில் நிற்க, பத்துத் தொகுதிக் கருவிகளே இருந்தால் என்ன நடக்கும்? வாளியில் உள்ள மருந்துநீரில் முக்கி எடுத்து அடுத்தவருக்குப் பயன்படுத்துவார்கள். ஆகையால் முகாமுக்கு ஒப்புதல் அளிக்குமுன் தலைவரும் அங்கத்தினர்களும் கருவித் தொகுதிகள் எத்தனை என்று கேட்டு எழுதி வாங்குவது நலம். தொகுதிகள் போதாவிட்டால், அன்று பல்லைப் பார்த்துச் சீட்டு எழுதுவதோடு நிறுத்திக்கொண்டு, பிடுங்க வேண்டியவர்களைப் பல் பிரிவு உள்ள அரசு ஆஸ்பத்திரிக்கு அனுப்பலாம். கூட்டம் குறைந்து காணப்பட்டாலும் குற்றமில்லை. பார்ப்பதற்கு உதவும் சிறு கண்ணாடிகூட ஆளுக்கு ஒன்றாக வேண்டும் என்பதை மறக்கலாகாது.

நோயாளியின் பொறுப்பும் உண்டு. நீரிழிவு, இரத்தக்கொதிப்பு, இருதய வால்வில் கோளாறு, இரத்தம் உறையாதிருக்கச் சாப்பிடும் மாத்திரை, முன்பு ஏதேனும் மருந்து ஒவ்வாமற் போனது ஆகியவற்றை நாற்காலியில் அமருமுன்பே சொல்லிவிட வேண்டும். கேட்கவில்லையே என்று வாளாவிருக்கலாகாது. சிகிச்சைக்குப் பின் சில நாட்களில் காய்ச்சலோடு கடுந்தலைவலி, முகம் கோணல், பேச்சுக் குழறல் முதலியன கண்டால் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். பல் சிகிச்சை செய்துகொண்ட செய்தியையும் அங்கே தவறாமல் தெரிவிக்க வேண்டும்.

கழிவுகளைப் பற்றி 2016ஆம் ஆண்டு விதிகள் தெளிவாக உள்ளன. பிடுங்கிய பல்லும் இரத்தப் பஞ்சும் மஞ்சள் பையில், ஊசிகள் துளைபடாத வெள்ளைப் பெட்டியில் சேரவேண்டும். இவை ஊர்க் குப்பையில் கலந்தால் முதலில் குத்துப்படுவது நம் தூய்மைக் காவலரின் கையே. குப்பையில் ஊசி கிடந்தால் உடனே தெரிவிக்குமாறு அவர்களிடம் சொல்லிவைப்பதும், தடித்த கையுறை வாங்கித் தருவதும் பஞ்சாயத்தின் வேலை.

பல் வைத்தியர் தம் பெயரை மாநிலப் பதிவேட்டில் பதிவு செய்திருக்க வேண்டும். வைத்தியசாலையும் 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாட்டுச் சட்டத்தின்படியும், 2018ஆம் ஆண்டு விதிகளின்படியும் தனியே பதிவாகியிருக்க வேண்டும். சந்தையில் பாய் விரித்துப் பல் கட்டுபவரிடம் இரண்டும் இரா. குறை காணுமிடத்து மாவட்ட மருத்துவம் மற்றும் ஊரக நலப்பணிகள் இணை இயக்குநருக்கு எழுதலாம். கடிதத்தில் சிகிச்சை பெற்ற தேதி, செய்த சிகிச்சை, நேரில் கண்ட குறை ஆகியவற்றைக் குறித்து, ரசீதின் நகலையும் இணைத்து அனுப்ப வேண்டும். ரசீது கேட்டு வாங்கும் பழக்கம் இல்லாதவர்கள், அடுத்த முறை அதிலிருந்தே தொடங்கலாம்.