தைலப் புட்டியின் லேபிள்

சிவகாசி

செல்விக்கு,

முகத் தைலமும் ஷாம்பூவும் தயாரிக்க நீ உரிமம் பெற்றுவிட்டாய் என்ற செய்தியையும், கூடவே நீ அனுப்பியிருந்த மூன்று லேபிள் மாதிரிகளையும் கண்டு மிகுந்த சந்தோஷமடைந்தேன். தீப்பெட்டி லேபிளை நம்பியே அச்சுத் தொழில் வேரூன்றிய இந்த ஊரில், ஆயுளின் பெரும்பகுதியை அச்சுக்கூடத்திலே கழித்தவன் என்ற உரிமையில், மனத்தில் பட்டதை ஒளிக்காமல் எழுதுகிறேன்.

மூன்றும் அழகானவை, ஆனால் கடை அலமாரியில் நிற்கும் புட்டியை மட்டுமே எண்ணி வரையப்பட்டவை. வாங்கியவள் அதனை ஈரக் கையாலும் எண்ணெய்க் கையாலும், ஆவி சூழ்ந்த குளியலறையில், கடைசிச் சொட்டு தீரும் வரை எடுத்து எடுத்து வைப்பாள் அல்லவா? நீ விரும்பும் குரோமோ காகிதம் தைலத்துக்கு உதவாது. மூடியோரத்தில் கசியும் எண்ணெய், மேலே லேமினேஷன் இருந்தாலும், வெட்டிய விளிம்பு வழியாக உள்ளே ஊறி, எழுத்தைக் கறைப்படுத்திப் பசையையும் இளக்கிவிடும். ஆகையால் பாலிப்ரொப்பிலீன் ஃபிலிமில் அச்சிடு. ஷாம்பூப் புட்டியோ பிதுக்கப் பிதுக்கக் குழைந்து மீள்வது. அதனோடு சேர்ந்து வளையும் பாலிஎத்திலீனே அதற்கு உசிதம். மூலைகளை வட்டமாக வெட்டச் சொல். கூரான மூலைதான் முதலில் எழும்பும். அடி குறுகி மேல் அகன்ற புட்டியில் நேரான லேபிள் கோணலாகவே ஓடுமாதலால், நேர் உருளைப் புட்டியைத் தேர்ந்துகொள்.

மொத்தமாக அச்சிடக் கொடுப்பதற்கு முன், அதே ஃபிலிமில் சிலவற்றை மட்டும் டிஜிட்டலில் அச்சிட்டு, உன் தைலம் நிரம்பிய புட்டியிலேயே ஒட்டி, பசை முழுப் பிடிப்புக் கொள்ள ஒரு நாள் விட்டு, பிறகு எண்ணெய் தடவித் தேய்த்தும் வெந்நீரில் ஊறவைத்தும் நிர்த்தாட்சண்யமாகப் பரீட்சித்துப் பார்.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது ஒன்று உண்டு. இரண்டாவது மாதிரியில் குங்குமப்பூவின் சித்திரம் முகப்பையே நிறைத்திருக்க, பின்புறத்துச் சேர்மானப் பட்டியலில் நல்லெண்ணெய் முதலிலும் குங்குமப்பூ கடைசியிலும் நிற்கின்றன. 2020-ஆம் ஆண்டின் அழகுசாதனப் பொருள் விதிகள், ஒரு சதவிகிதத்துக்கு மேற்பட்ட சேர்மானங்களை அளவின் இறங்கு வரிசையில் எழுதச் சொல்கின்றன. நீ அவ்விதமே எழுதியிருக்கிறாய், குற்றமில்லை. ஆனாலும் சட்டத்துக்குப் பின்புறத்தையும் ஆசைக்கு முன்புறத்தையும் ஒதுக்குவது, உன்னை நேரில் அறியாமல் அந்த ஒட்டுத்தாளை மட்டுமே நம்பித் தன் முகத்தில் தைலத்தைப் பூசிக்கொள்ளும் ஒரு பெண்ணுக்கு இழைக்கும் வஞ்சனை என்றே கருதுகிறேன். நல்லெண்ணெயின் பெயரை முகப்பிலேயே பெருமையுடன் போடு. அது வெட்கப்பட வேண்டிய சரக்கன்று. பட்டியலுக்குத் தங்க நிற ஃபாயிலும் வேண்டாம். வெளிச்சம் பட்டால் பொடி எழுத்து கண்ணுக்கே அகப்படாது. வெண்மையில் கறுப்பு மை போதும்.

பேட்ச் எண், தயாரித்த மாதம், உபயோகிக்க வேண்டிய கடைசித் தேதி ஆகியவற்றைப் பிறகு முத்திரையிட, வார்னிஷ் படாத சிறு கட்டம் ஒன்று விட்டுவைக்கச் சொல். வழவழப்பின் மேல் அந்த மை நிற்காது, விரல் பட்டாலே அழிந்துபோகும்.

திருத்திய மாதிரியோடு காலிப் புட்டிகள் இரண்டையும் அனுப்பு; ஒட்டிப் பார்த்து எழுதுகிறேன்.

இப்படிக்கு,
பெரியப்பா